தும்மலுக்குப் பயந்து வாழ்கிறேன்

குனிந்து செருப்பு வாரை மாட்டும்போதுதான் இடுப்பில் சுரீரென்று இழுத்தது. சரி, வெறும் பிடிப்பு என்று விட்டுவிட்டேன். இரண்டே நாளில் வலி இடது பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்பக்கமாக ஓடி, கால் சுண்டுவிரல் மரத்துப்போனது. எம்ஆர்ஐ எடுத்தால் எல்5-எஸ்1 இடையே, அதாவது இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள எலும்புக்கும் நடுவே, மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. டிஸ்க்குக்கு உள்ளே ஜெல்லி மாதிரி ஒன்று, சுற்றிலும் கெட்டியான நார் வளையம்; வளையம் கிழிந்தால் உள்ளே இருப்பது பிதுங்கி நரம்பு வேரை அழுத்தும், அதனால்தான் கோளாறு முதுகில் இருக்க, கத்துவது கால்.

நான் செய்த பெரிய தப்பு, ஒரு வாரம் படுத்தே கிடந்தது. உடம்பு இறுகி, எழுந்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது. அப்புறம் பிசியோதெரபிஸ்ட் திட்டித்தான் நடக்க ஆரம்பித்தேன், முதலில் 5 நிமிடம், பிறகு 10. படுக்கையிலிருந்து அப்படியே நிமிர்ந்து எழக்கூடாதாம்: ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். தும்மினாலே வலி சுரீரென்று இழுக்கும், அதனால் தும்மல் வந்தால் ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்வேன் (வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்).

பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் அறுவை சிகிச்சை இல்லாமலே குறைந்துவிடும். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை, தொடை இடுக்கு மரத்துவிட்டது, பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எனக்கு இது 9ஆவது வாரம். வலி தொடையோடு நிற்கிறது. சுண்டுவிரல்தான் இன்னும் தூங்குகிறது.