தனியாளாக நாலு டிரஸ் ஏற்றியாச்சு (ஜீப் ஷெட், மூன்றாம் கட்டம்)

நாலாவது டிரஸ்ஸும் (கூரையைத் தாங்கும் முக்கோண இரும்புச் சட்டம்) இன்று காலை ஏழே காலுக்குக் கால்களின் (தூண்களின்) மேல் உட்கார்ந்துவிட்டது. 20க்கு 30 ஷெட், பத்தடிக்கு ஒரு ஃபிரேம், எட்டுக் கால், ஓரம் 12 அடி உயரம். கிரேன் கிடையாது, கைக்கு ஆள் கிடையாது. உள்ளே வரப்போகும் வண்டி 80 அங்குல வீல்பேஸ் உள்ள சி.ஜே. 3பி ஜீப். சேஸியைக் கழற்றிப் போட்டுச் சுற்றி நடக்க இவ்வளவு இடம் வேண்டும்.

குழி, மட்டம், மூலைக்கணக்கு எல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ஓர் அளவை மட்டும் சொல்லிவிடலாம். 20 அடி ஷெட் என்று பேச்சுக்குச் சொன்னாலும் கடையில் கிடைக்கும் சதுர பைப்பின் நீளம் 6 மீட்டர்தான். கால் நடுவிலிருந்து கால் நடு 5.85 மீட்டர் வைத்தால் டிரஸ்ஸின் கீழ்ப் பைப் ஒட்டே இல்லாமல் ஒரே துண்டில் வரும். சரியாக 20 அடி பிடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் நாலு டிரஸ்ஸிலும் நாலு ஒட்டு. கீழ்ப் பைப் இழுவை தாங்குகிற பைப். அதன் நடுவில் ஒட்டுப் போடுவது நல்லதில்லை.

கால் 100க்கு 100, 4 மில்லி. 12 அடித் துண்டு, அடித்தட்டோடு சேர்த்து 50 கிலோவுக்குள் நிற்கும். அடியை போல்ட் பக்கம் முட்டுக் கொடுத்து நிமிர்த்த ஒரு ஆள் போதும். டிரஸ்ஸுக்கு மேலும் கீழும் 50க்கு 50, 2.9 மில்லி, குறுக்குக்கு 38க்கு 38. சரிவு 15 டிகிரி, உச்சி 78 சென்டிமீட்டர். ஒரு டிரஸ் ஏறக்குறைய 70 கிலோ. ஓரத்தில் வெளியே நீளும் வால் துண்டுகளைத் தரையில் வைத்தே வெல்டு செய்யக் கூடாது. அவை இருந்தால் தூக்கும்போது காலில் இடிக்கும். மேலே உட்கார்ந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.

அஸ்திவாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோவாளைப் பக்கம் கூரை கீழே விழுமோ என்று பயப்பட வேண்டாம், மேலே பறக்குமோ என்றுதான் பயப்பட வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் வரைபடத்தில் இந்தத் தென்முனைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 912 நியூட்டன், அதாவது 93 கிலோ. நடுக்கால் ஒன்றின் பங்குக்கு 100 சதுர அடிக் கூரை வருகிறது. அதை அந்த அழுத்தம் முழுசாகத் தூக்கினால் 860 கிலோ. ஷட்டர் திறந்து கிடக்கும்போது உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளினால் அதற்கும் மேல். தகரமும் பர்லினும் (தகரத்தைத் தாங்க டிரஸ்ஸுக்கு டிரஸ் குறுக்கே ஓடும் இரும்பு) சேர்ந்தாலும் அந்த நூறு சதுர அடிக்கு 120 கிலோ தேறாது. மிச்சத்தைப் பிடித்து வைப்பது கான்கிரீட்டின் எடை மட்டுமே. இரண்டரை அடிச் சதுரம், மூன்றடி ஆழம் என்றால் ஒரு குழியில் 1¼ டன் கான்கிரீட். 'சின்ன ஷெட்டுக்கு ஒன்றரை அடிக் குழி போதும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்துபோன மாவட்டம் இது.

இனி டிரஸ்ஸைத் தூக்கும் டெரிக் கம்பம். 2 அங்குல மீடியம் ஜி.ஐ. பைப், 6 மீட்டர், எடை 30 கிலோ. உச்சியிலிருந்து 20 சென்டிமீட்டர் கீழே வளையம், அதில் 1 டன் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவி). கம்பம் படுத்துக் கிடக்கும்போதே பிளாக்கை மாட்டிவிட வேண்டும், நிமிர்த்தியபின் ஏறி மாட்டுகிற வேலை வேண்டாம். நாலு பக்கமும் 8 மில்லி வயர் ரோப் கை ரோப்பாக (guy rope, கம்பம் விழாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறு). ஒவ்வொரு முனையிலும் மூன்று புல்டாக் கிளிப் (வயர் ரோப்பை மடக்கிக் கவ்வும் யூ போல்ட் கிளிப்), கிளிப்பின் சேணம் சுமை தாங்கும் கயிற்றின் பக்கம். திருப்பிப் போட்டால் யூ போல்ட் அந்தக் கயிற்றைக் கடித்து நைந்துபோகச் செய்யும். பின் கை ரோப்பில் மட்டும் ஒரு புல் லிஃப்ட் (நெம்புகோலால் கயிற்றை இழுத்து இறுக்கும் கருவி). வீட்டு சர்வீஸ் வயர் பக்கத்தில் போனால், கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தொடாத தூரம் இருக்கிறதா என்று முதலிலேயே அளந்துவிட வேண்டும். இல்லையென்றால் இந்த முறையே வேண்டாம்.

செயின் பிளாக் வாங்கும்போது கவனிக்க வேண்டியது டன் அல்ல, ஏற்றம் (கொக்கி எவ்வளவு உயரம் தூக்கும் என்பது). கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 3 மீட்டர் ஏற்றம். 3.66 மீட்டர் காலின் மேல் டிரஸ்ஸை வைக்க, தரையிலிருந்து தூக்கினால் அது எட்டாது. பாதி வழியில் கட்டி நிறுத்திச் சங்கிலியை மாற்றிப் பிடிக்கிற வேலை தனியாளுக்கு ஆகாது. இதற்கு 200 லிட்டர் பேரல் இரண்டு போதும். உயரம் 88 சென்டிமீட்டர். டிரஸ்ஸை ஒரு முனை, பிறகு மறுமுனை என்று பேரல் மேல் ஏற்றினால் ஒரு தடவைக்கு 35 கிலோதான் கைக்கு வரும். அங்கிருந்து காலின் தலைத்தட்டைத் தாண்ட 2.88 மீட்டர். பன்னிரண்டு சென்டிமீட்டர் மிச்சம். நாலு தடவையும் அது போதுமானதாக இருந்தது.

கம்பத்தின் அடி, கால் வரிசைக்கு 45 சென்டிமீட்டர் பின்னால், ஷெட்டின் நட்டநடுவில். தலை வரிசைக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் தொங்கும்படி சாய்வு. டிரஸ் கால்களுக்கு முன்னால், இடிக்காமல் நேரே ஏறும். உயரம் வந்ததும் முன் கை ரோப்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே பின் புல் லிஃப்டை இழுத்தால் கம்பத்தின் தலை வரிசைக்கு நேர் மேலே வரும், டிரஸ்ஸும் கூடவே வரும். அப்படி வரும்போது 3 சென்டிமீட்டர் தானாகவே உயரும் என்பதையும் கணக்கில் வைக்கலாம். 45 சென்டிமீட்டரைக் குறைத்தால் கடைசியில் டிரஸ்ஸின் உச்சி கம்பத்திலேயே உரசும். இந்த அளவில் இடைவெளி 5 சென்டிமீட்டர் சொச்சம் கிடைக்கிறது.

காற்றில் டிரஸ் திரும்பாமல் இருக்க இரண்டு முனையிலும் மூன்றடிக் கயிறு, அதன் அடியில் காலைச் சுற்றித் தளர்வாக ஒரு வளையம். டிரஸ் ஏற ஏற வளையமும் காலோடு வழுக்கி ஏறும். கயிறு மூன்றடி இருப்பதால் டிரஸ் தலைத்தட்டைத் தாண்டியபிறகும் வளையம் காலை விட்டு நழுவாது. ஆளாளுக்கு ஒரு வால் கயிறு பிடிக்கிற வேலையை இந்த வளையம் செய்துவிடுகிறது.

அதிக நேரம் எடுத்தது தலைத்தட்டின் மேல் இருக்கும் வாய்தான். அது சரியாக அமைந்ததில் உண்மையிலேயே சந்தோஷம். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு காலில் ஏறி நின்று போல்ட் போட்டுவிடலாம். தனியாளாக ஒரு பக்கம் போட்டு இறங்கி, மறுபக்கம் ஏறும்வரை டிரஸ் தானாக நிற்க வேண்டும். அதற்கு 150க்கு 150, 8 மில்லி தலைத்தட்டின் மேல் 6 மில்லி பட்டையில் இரண்டு நிமிர்ந்த தகடு. பின் தகடு 150 மில்லி உயரம், முன் தகடு 60. முன்னால் இருந்து வரும் டிரஸ் குட்டைத் தகட்டைத் தாண்டி நெட்டைத் தகட்டில் முட்டி நிற்கும். கீழே நின்றுகொண்டே 'டங்' என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் அந்தச் சத்தம் கேட்டபிறகு சங்கிலியை விட்டால் நேரே வாய்க்குள் இறங்கும். உள் இடைவெளி 54 மில்லி, முன் தகட்டின் மேல் விளிம்பைக் கொஞ்சம் வெளியே மடக்கியது. முதலில் 52 வைத்துப் பார்த்ததில் ஒரு துளி வெல்டிங் பொரி ஒட்டியிருந்தாலும் டிரஸ் கவ்விக்கொண்டு நின்றது. 54க்குமேல் போனால் டிரஸ் ஆடும். இறங்கியதும் குறுக்கே 12 மில்லி போல்ட் ஒன்று. சதுர பைப்பை அப்படியே இறுக்கினால் நசுங்கும், அதனால் உள்ளே ஒரு குழாய்த் துண்டை வைத்து வெல்டு செய்திருக்க வேண்டும். முதல் டிரஸ்ஸுக்குப் பக்கத்துணை எதுவும் இல்லை. உச்சியிலிருந்து முன்னும் பின்னும் கயிறு கட்டாமல் செயினைக் கழற்றக் கூடாது. இரண்டாவதிலிருந்து பர்லின் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது டிரஸ் மட்டும் ஒரு காலைப் பொழுது முழுவதையும் தின்றது. வாயில் இறங்கிவிட்டது, இடப்பக்க போல்ட் விரலாலேயே போய்விட்டது. வலப்பக்கம் இரண்டு ஓட்டைக்கும் 8 மில்லி விலகல். டிரஸ்தான் அளவு தப்பியிருக்கும் என்று சந்தேகப்பட்டு அளந்தால் வெல்டிங்கில் சுருங்கியது 3 மில்லிதான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் குற்றம் காலில்: உச்சி 11 மில்லி உள்ளே சாய்ந்திருக்கிறது. இரண்டாவது டிரஸ்ஸுக்குப் பக்க கை ரோப்பை அந்தக் காலின் தலையில் கட்டியதுதான் காரணம். கான்கிரீட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே 40 மில்லி வெறும் போல்ட், இன்னும் கிரௌட் (அந்த இடைவெளியை அடைக்கும் சிமெண்ட் கலவை) போடவில்லை. இழுத்தால் கொடுக்கத்தான் செய்யும். கை ரோப் காலின் அடியில்தான் கட்ட வேண்டும், தலையில் கட்டவே கூடாது.

கிரௌட் போடாமல் வைத்திருந்ததே இங்கே காப்பாற்றியது. போல்ட் நடுவுக்கு நடு 180 மில்லி. அடித்தட்டு ஒரு பக்கம் 1 மில்லி தாழ்ந்தால் 3.66 மீட்டர் உச்சியில் 20 மில்லி விலகும். 16 மில்லி போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 2 மில்லி. ஆக, கீழ் நட்டில் கால் சுற்று என்றால் உச்சியில் 10 மில்லி. டிரஸ்ஸின் எடையைச் செயின் பிளாக்கிலேயே தொங்கவிட்டு, மேல் நட்டுகளைத் தளர்த்தி, உட்பக்கக் கீழ் நட்டு இரண்டையும் கால் சுற்றுக்குச் சற்று மேல் உயர்த்தியதும் தூக்குக்குண்டு நேரானது. மிச்சம் 3 மில்லியை உருண்டை அரம் பார்த்துக்கொண்டது. கால் நின்ற அன்றைக்கே கிரௌட் போட்டிருந்தால் அந்தக் காலைத் திருத்த வழியே இல்லை. நாலு டிரஸ்ஸும் போல்ட் ஏறியபின்தான் கிரௌட்.

தூக்குகிற வேலை எல்லாம் விடியல் ஐந்தரையிலிருந்து எட்டுக்குள். பங்குனி, சித்திரையில் அந்த நேரத்துக்குக் காற்று அடங்கியிருக்கும். வைகாசிக்குமேல் கணவாய்க் காற்று எழுந்துவிட்டால் இந்த வேலையை எடுக்கவே கூடாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 20 அடி டிரஸ் எம்மாத்திரம். தனியாள் வேலை என்றாலும் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். செயின் இழுக்கும்போது டிரஸ்ஸுக்கு அடியில் நிற்கக் கூடாது, கைச்சங்கிலியைச் சாய்த்துப் பிடித்து விலகி நின்றே இழுக்கலாம்.

இரும்பு வாங்கியதில் ஒரு ஆதங்கம். 2.9 மில்லி என்று பில் போட்டு வந்த பைப்பில் ஆறு துண்டு 2.5. வெட்டின முனையில் வெர்னியர் வைத்தால் பிசிறு ஏமாற்றும், தராசு ஏமாற்றாது. 50க்கு 50, 2.9 மில்லி ஆறு மீட்டர் பைப் 25 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும், 2.5 என்றால் 22தான் வரும். கோட்டாறு போனாலும் மார்த்தாண்டம் போனாலும் ஏற்றுவதற்குமுன் ஒரு துண்டையாவது எடை போடச் சொல்லுங்கள். ஜி.ஐ. பைப் வாங்கினால் வெல்டிங் இடத்தில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் துத்தநாகத்தை அரைத்து எடுத்துவிட்டுத்தான் ராடை வைக்க வேண்டும், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். 2.9 மில்லி பைப்புக்கு 6013 ரக வெல்டிங் ராட், 2.5 மில்லி தடிமன், 75 ஆம்பியர் சுகமாக ஓடுகிறது. பைப்பின் திறந்த முனைகளைத் தகடு வைத்து மூடாமல் விடாதீர்கள். உப்புக் காற்று உள்ளே புகுந்தால் வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

கால் வெட்டியதில் 2.34 மீட்டர் துண்டு எட்டு மிச்சம். நாலு துண்டு எஞ்சின் தூக்கத் தனி கேன்ட்ரிக்குக் காலாகும். இந்த டிரஸ்ஸில் செயின் பிளாக் மாட்டி எஞ்சின் தூக்கும் எண்ணமே கிடையாது, கூரைக்குக் கணக்குப் போட்ட இரும்பு கூரையைத்தான் தாங்கும். தளம் போடும்போது சேஸி நேர் பார்க்கவும் இழுத்துக் கட்டவும் 16 மில்லி நட் வெல்டு செய்த குழாய்த் துண்டுகளைக் கான்கிரீட்டிலேயே புதைக்கலாம் என்று யோசனை. 80 அங்குல வீல்பேஸின் முன்னும் பின்னும் நாலு நாலு, நடுவில் நாலு. மட்டத்தில் 2 மில்லிக்குமேல் வித்தியாசம் வராமல் வைக்க டியூப் மட்டம் போதுமா, லேசர் வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

அதற்குமுன் பர்லின் முடிய வேண்டும், கடைசி இரண்டு ஃபிரேமுக்கு நடுவே எக்ஸ் வடிவத்தில் குறுக்குப் பிடிப்பு போட்டு இறுக்க வேண்டும். 12 அடித் தகரம் ஒன்றை ஒரு ஆள் மேலே கொண்டுபோக, ஓரத்தில் சாய்த்து வைத்த இரண்டு பைப்பின் மேல் கயிற்றால் இழுத்து ஏற்றிப் பார்க்கலாம். எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்க ஏழு வாரம் இருக்கிறது.