டிரைவர் தொடங்கும் முன் ஃபர்ம்வேரைக் கேட்க வேண்டும்

ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில், மழையளவையும் மண்ணின் ஈரத்தையும் பதிவு செய்வதற்காக ஆர்ம் செயலி கொண்ட சிறு போர்டு ஒன்றை வைத்திருக்கிறோம். அது உறைந்து நின்றால், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்த்தான் அணைத்துப் போட வேண்டும் என்பதால், மென்பொருளிடமிருந்து குறித்த நேரத்துக்குள் சமிக்ஞை வராவிட்டால் தானாக ரீபூட் செய்யும் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அதற்கு மிக அவசியம்.

இந்தப் போர்டில் வாட்ச்டாக்கை லினக்ஸ் நேரடியாகத் தொட முடியாது. அதற்குக் கீழே பாதுகாப்பு அடுக்கில் ஓடும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருளிடம், எஸ்.எம்.சி. (அந்த அடுக்கை அழைப்பதற்கான செயலிக் கட்டளை) அழைப்பின் வழியாகக் கேட்க வேண்டும். வாட்ச்டாக் உண்டு என்று டிவைஸ் ட்ரீயில் (போர்டிலுள்ள சாதனங்களைக் கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) எழுதியிருப்பது சாட்சியாகாது. அது ஓர் இடத்திலிருந்து வருகிறது, ஃபர்ம்வேர் வேறிடத்திலிருந்து வருகிறது. ஆகவே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலுள்ள எஸ்.எம்.சி. வாட்ச்டாக் டிரைவர் (வாட்ச்டாக்கை இயக்கும் நிரல்), தன்னைப் பதிவு செய்துகொள்ளும் முன்பே ஃபர்ம்வேருக்கு ஒரு தொடக்க அழைப்பை அனுப்புகிறது. ஆதரவு இருந்தால் குறைந்தபட்ச, அதிகபட்சக் கால அளவுகள் பதிலாக வரும். இல்லையென்றால் -1 வரும், டிரைவரும் 'அப்படியொரு சாதனம் இல்லை' என்று விலகிவிடும். கேட்காமலே பதிவு செய்திருந்தால், காவலே இல்லாத இடத்தில் காவல் இருப்பதாக மேலேயுள்ள நிரல்கள் நம்பிக்கொண்டிருக்கும். வாட்ச்டாக் இல்லாததைவிட இது மோசம் என்பது என் கருத்து.

அந்த -1-ஐக் கையாள்வதிலும் கவனம் தேவை. இன்னொரு சேவையை எடுத்துக்கொள்வோம்: ஃபர்ம்வேர் தரும் சீரற்ற எண்களைப் பயன்படுத்தும் கெர்னல் பகுதி, முதலில் அந்தச் சேவையின் பதிப்பைக் கேட்கிறது, 1.0 என்பது 65536 என்ற எண்ணாக வரும். 'அதற்குக் குறையாமல் இருக்கிறதா' என்று மட்டும் குறியற்ற எண்ணாக (கழித்தல் குறியே இல்லாததாக) ஒப்பிட்டால், 32 பிட்டில் -1 என்பது 4294967295 ஆகிவிடுவதால், இல்லாத சேவையே மிக உயர்ந்த பதிப்பாகத் தேறிவிடும். அதனால்தான் கெர்னல் அதைக் குறியுள்ள எண்ணாக மாற்றி, சுழியத்துக்குக் கீழா என்று முதலில் பார்க்கிறது. தேறினால்தான் சாதனத்தையே உருவாக்குகிறது.

'இல்லை' என்பதையும் 'இன்னும் தயாராகவில்லை' என்பதையும் குழப்பக் கூடாது. பின்னதற்குத்தான் பிறகு முயலச் சொல்லும் பிழை எண் இருக்கிறது. முன்னதற்கு அதைக் கொடுத்தால் கெர்னல் வீணாகக் காத்திருக்கும்.

ஃபர்ம்வேரை மாற்றும்போதெல்லாம், போர்டை மலைக்கு அனுப்பும் முன் சேலத்திலேயே வாட்ச்டாக் சாதனம் தோன்றியிருக்கிறதா என்று பார்க்கிறோம். அடுத்து, பானிக் டைம்அவுட்டை 0 ஆக வைத்து (விழுந்த கெர்னல் தானே ரீபூட் செய்யாமல் நின்றுவிடும்படி), கெர்னலை வேண்டுமென்றே விழச் செய்து, போர்டு தானாக எழுகிறதா என்றும் சோதிக்கிறோம்.