நாதஸ்வரம் எங்கே போனது?

பினாங்கு தண்ணீர்மலை அடிவாரம், தைப்பூசத்துக்கு முந்தின இரவு. ஒரு தண்ணீர்ப் பந்தலில் எங்கள் பஜனைக் குழு பாடுவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பின்னணி இசையை லேப்டாப்பில் ஓடவிட்டேன். தம்புரா கேட்டது. ஜால்ரா கேட்டது. நடுநாயகமாக வரவேண்டிய நாதஸ்வரத்தையும் தவிலையும் காணோம். அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. நாதஸ்வரத்தின் எதிரொலி மட்டும், ஏதோ தூரத்துப் பிராகாரத்திலிருந்து வருவதுபோல ஸ்பீக்கரில் மிதந்துகொண்டிருந்தது.

கேபிளைப் பிடுங்கிவிட்டு ஹெட்போனைச் செருகிக் கேட்டேன். எல்லாம் இருந்தன. மறுபடி கேபிளைப் போட்டேன். மறுபடி நாதஸ்வரம் மறைந்தது. எங்கள் குழுவின் மூத்த பாடகி என் அத்தைதான். "தவில் இல்லாமல் காவடிச்சிந்தை எப்படிம்மா எடுப்பது?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒலி அமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்த அண்ணன் மேடைக்கு ஏறி வந்தார். லேப்டாப்பில் எதையும் தொடவில்லை. கேபிளின் நுனியைக் கைவிளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இரண்டு கறுப்பு வளையம் இருக்கிறது பாருங்கள் தங்கச்சி. இது ஸ்டீரியோ. ஒரே சேனலில் செருகினால் இடமும் வலமும் ஒன்றையொன்று தின்றுவிடும்" என்றார். தம் பெட்டியிலிருந்து வேறொரு கேபிளை எடுத்தார். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஜாக், மறுமுனையில் இரண்டு 6.35 மி.மீ. மோனோ ஜாக். அந்த இரண்டையும் மிக்சரின் இரண்டு தனிச் சேனல்களில், அதாவது தனித்தனி ஒலிவழிகளில், கொடுத்தார். தவிலின் முதல் அடி பந்தல் முழுக்க விழுந்தது. அந்த அடி இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் சொன்ன 'தின்றுவிடும்' என்ற சொல் என்னைப் பல நாள் விடவில்லை. படித்தும் வீட்டில் சோதித்தும் பார்த்தபின்தான் விளங்கியது. மேடையின் ஒலிகளையெல்லாம் ஒன்றுசேர்க்கும் மிக்சரின் மைக் உள்ளீடு ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில் எதிர்பார்க்கிறது: ஒன்றில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். வழியில் கேபிளுக்குள் புகுந்த இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழித்தலில் போய்விடும். எத்தனை அழகான ஏற்பாடு! ஆனால் லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து வருவது இடமும் வலமும். மிக்சர் பாவம், அதை அறியாது. இடத்திலிருந்து வலத்தைக் கழித்துவிடும். இரு பக்கமும் சமமாக வைத்துப் பதிவுசெய்த நாதஸ்வரம், தவில், பேஸ் எல்லாம் பூஜ்யமாகிவிடும். ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்த தம்புராவும் ஜால்ராவும், இரு பக்கமும் வெவ்வேறாகப் பரவும் எதிரொலியும் மட்டும் தப்பிக்கும். லேப்டாப்பில் 'மோனோ' என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கேபிளோடு அதைச் செய்தால் இடமும் வலமும் முழுக்க ஒன்றாகி, ஸ்பீக்கரில் ஒன்றுமே வராது.

கேபிளை மாற்றியதும் அடுத்த தொல்லை தலைதூக்கியது. 'ம்ம்ம்' என்ற உறுமல். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, பக்தர்கள் கண்மூடி அமர்ந்திருக்கும் அந்த அமைதியில் கேட்கும். நம் மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உறுமலும் அதே 50, அதன் மடங்கான 100. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றினேன், உறுமல் நின்றது. செருகினேன், வந்துவிட்டது.

லேப்டாப்பின் மூன்று முள் சார்ஜர் மேடையிலுள்ள சாக்கெட்டில் எர்த்தைத் தொடுகிறது. மிக்சரோ, கூட்டத்துக்குப் பின்னால் வேறொரு சாக்கெட்டில் எர்த்தைத் தொடுகிறது. இந்த இரண்டையும் ஒலிக் கேபிளின் உறை இணைத்துவிட, ஒரு பெரிய வளையம் உருவாகி அதில் மின்னோட்டம் சுற்றுகிறது. என் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 கீபோர்டு தனியாக இருக்கும்போது அமைதியாகத்தான் இருந்தது. அதை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்போடு இணைத்தவுடன் கீபோர்டின் சேனலிலும் உறுமல் தொற்றிக்கொண்டது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிகழ்ச்சிகள் ஆயின. யுஎஸ்பி வழியாகக்கூட எர்த் பயணம் செய்யும் என்று ஏனோ தோன்றவேயில்லை.

இப்போது நான் கோபத்தோடு எழுதும் பகுதி. ஒரு நவராத்திரி, அக்டோபர் மாதத்து பினாங்கு மழை, பட்டர்வொர்த் பக்கம் ஒரு கோயில். உறுமலைக் கேட்ட உதவியாளர் தம்பி ஒருவன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். "சார்ஜர் பிளக்கைத் திறந்து பச்சை வயரைக் கழற்றிவிட்டால் சத்தம் போய்விடும் அக்கா. எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறோம்." சத்தம் போய்விடும் என்பது உண்மை. பச்சை மஞ்சள் வயர் அங்கே எதற்காக இருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கருவிக்குள் ஏதேனும் பழுதாகி உலோகத்தில் மின்சாரம் ஏறினால், அதைப் பூமிக்கு இழுத்துக்கொண்டுபோய் பிரேக்கரை விழவைப்பது அந்த வயர்தான். அது இல்லாவிட்டால் 230 வோல்ட் அங்கேயே காத்திருக்கும். கோயில் மேடையில் நாங்கள் எல்லோரும் வெறுங்காலோடு நிற்கிறோம். தரை ஈரம். அத்தையின் கையில் உலோக மைக். நான் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே சர்க்யூட் பலகைகளைக் காப்பாற்ற மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டுதான் உட்காருகிறோம். பலகைக்குக் கொடுக்கும் காவலை மனிதருக்குக் கொடுக்கக் கூடாதா? அன்று சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு பேட்டரியிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டினேன். கடைசிப் பாட்டின்போது 9 சதவீதம் மிச்சம்.

அடுத்த மாதச் சம்பளத்தில் டிஐ பெட்டி வாங்கினேன்; கருவியின் ஒலியை மிக்சரின் மைக் உள்ளீட்டுக்கு ஏற்ற இரு கம்பி ஒலியாக மாற்றித் தரும் சிறு பெட்டி அது. இரண்டு சேனல் கொண்டது ஒன்று லேப்டாப்புக்கு, அதேபோல் இன்னொன்று கீபோர்டுக்கு. இரண்டுமே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாசிவ் வகை. அதற்குள் வரும் கம்பிச்சுருளுக்கும் போகும் கம்பிச்சுருளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒலி காந்தப்புலமாகத் தாவிச் செல்கிறது. கூடவே 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சிறு சுவிட்ச். அது பெட்டியிலிருந்து மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக்) கேபிளின் முதல் முள்ளில் உள்ள உறை இணைப்பை மட்டும் துண்டிக்கும். சுவரிலுள்ள எர்த்தை ஒன்றும் செய்யாது. உறுமல் போகவேண்டிய வழி இதுதான். பாசிவ் பெட்டிக்கு மிக்சரிலிருந்து மைக் கேபிள் வழியே வரும் 48 வோல்ட் 'ஃபாண்டம்' மின்சாரமும் தேவையில்லை.

கருவியிலிருந்து பெட்டிவரை 2 அல்லது 3 மீட்டர் கேபிள் போதும். அதை நீட்டினால் இரைச்சலை நாமே அழைப்பதாகும். பெட்டியிலிருந்து மிக்சர்வரை எக்ஸ்எல்ஆர் 30 மீட்டர் போனாலும் கவலையில்லை. ஒரே ஒரு சேனல்தான் தருவோம் என்று சொல்லும் மேடைகளில் கீபோர்டை 'எல்/மோனோ' என்று எழுதிய துளையில் மட்டும் செருகுகிறேன்; இரு பக்க ஒலியையும் அதுவே சேர்த்துத் தந்துவிடும். கீபோர்டின் ஒலி அளவு முக்கால் பங்கு. நானே அதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் மிக்சரில் இருப்பவரின் வேலை கெடும். சேனலை மூடிவிட்டேன் என்று அவர் கைகாட்டும்வரை எந்த ஜாக்கையும் பிடுங்குவதில்லை.

வீணை ஒலியை லேப்டாப் மென்பொருளிலிருந்து வாசிக்கும் நாட்களில் தாமதம் ஒரு தனிப் பிரச்சினை. வினாடிக்கு 48,000 ஒலி மாதிரி என்ற வேகத்தில், ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 128 மாதிரி என்றால் அந்தக் கட்டத்தில் 2.7 மில்லிவினாடிதான் போகும். 1024 என்றால் 21 மில்லிவினாடி, அதாவது ஸ்பீக்கரிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். விரல் ஓரிடம், வீணை ஓரிடம். நான் 128-இல் வைக்கிறேன். வைஃபையையும் அறிவிப்பு ஒலிகளையும் அணைத்துவிடுகிறேன்.

சென்ற நவராத்திரிக்கும் அதே பட்டர்வொர்த் கோயில், அதே மழை. அந்தத் தம்பி இப்போது மிக்சரில் உட்காருகிறான். நான் பையைத் திறப்பதற்குள் கறுப்புப் பெட்டி ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தான், சொந்தக் காசில் வாங்கியது. "அக்கா, இதில் லிஃப்ட் எந்தப் பக்கம்?" மின்விளக்கருகே போய் இருவரும் எழுத்தைப் படித்தோம். சுவிட்சைத் தள்ளினான். தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது. அத்தை சுருதி கேட்டார்.