டிக் போடாதீர்கள், அளவை எழுதுங்கள்

கட்டுமான வண்டிகளின் தினசரி சோதனைப் படிவத்தில் வரிசையாக முப்பது கட்டங்கள். முப்பதிலும் ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் விழுந்த டிக். அப்படி ஒரு தாளைப் பார்த்தால் அது கேபினுக்குள் உட்கார்ந்தபடியே நிரப்பப்பட்டது என்று தயங்காமல் சொல்லலாம். வண்டியைச் சுற்றி நடந்து பார்த்தவரின் தாளில் கிரீஸ் கறை இருக்கும், எண்கள் இருக்கும், 'இடது பூம் சிலிண்டர் அடியில் கசிவு, நேற்றைவிட அதிகம்' என்று ஒரு வரியாவது இருக்கும்.

காலையில் தேட வேண்டியது ஒன்றுதான்: நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் நடுவே என்ன மாறியிருக்கிறது? அதனால்தான் டிக் போதாது என்கிறேன். டிக்கை நேற்றைய டிக்கோடு ஒப்பிட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. எண்ணை ஒப்பிடலாம்.

எக்ஸ்கவேட்டரை, அதாவது மண் தோண்டும் வண்டியை, எடுத்துக்கொள்வோம். வண்டியோடு சேர்ந்த பெரிய கை பூம், அதன் முனையில் ஆர்ம், ஆர்ம் முனையில் மண் அள்ளும் பக்கெட். இவற்றை அசைப்பவை ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தில் நீண்டு சுருங்கும் சிலிண்டர்கள். முதலில் பார்க்க வேண்டியது வண்டி நிற்கும் தரையை. இரவு முழுக்க அசையாமல் நின்ற வண்டியின் கீழே கசிவு தானே தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் ஆயில் கருப்பாக இருக்கும். ஹைட்ராலிக் ஆயில் வெளிறி, வழவழப்பாக இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நிறம் கலந்து பிசுபிசுக்கும். டீசலை வாடையே சொல்லிவிடும். வண்டியை ஓரடி நகர்த்திவிட்டால் இந்தத் தடயம் போய்விடும். எனவே சாவியைத் தொடுவதற்கு முன் குனிந்து பார்த்துவிட வேண்டும். யாராவது அடியில் படுத்திருக்கிறார்களா, நாய் சுருண்டிருக்கிறதா என்பதும் அதே குனிவில் தெரிந்துவிடும்.

அடுத்து அளவுகள். எஞ்சின் ஆயிலைச் சமதரையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை ஒருமுறை துடைத்துச் செருகி, மறுபடி எடுத்த பிறகு தெரிவதுதான் கணக்கு. மட்டம் இறங்கினால் எல்லோரும் கவனிக்கிறார்கள். ஏறினால் 'நல்லதுதானே' என்று விட்டுவிடுகிறார்கள். யாரும் ஊற்றாமல் ஆயில் மட்டம் ஏறினால் டீசலோ கூலன்ட்டோ உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். டீசல் கலந்தால் ஆயில் நீர்த்து வாடை அடிக்கும். கூலன்ட் கலந்தால் பால் கலந்த காபி போல வெளுக்கும். இரண்டில் எதுவானாலும் அன்றைக்கு எஞ்சினை ஓட்டக் கூடாது, பேரிங் போய்விடும்.

ஹைட்ராலிக் டேங்கின் கண்ணாடி கேஜில் பலர் ஏமாறுகிறார்கள். சிலிண்டர் நீண்டிருக்கும்போது அதற்குள் அதிக ஆயில் போய்விடும், டேங்கில் மட்டம் இறங்கித் தெரியும். அதைப் பார்த்து ஊற்றினால், சிலிண்டர்கள் சுருங்கியதும் டேங்க் நிரம்பி வழியும். எந்த நிலையில் வண்டியை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் கேஜ் பக்கத்திலேயே ஸ்டிக்கரில் படமாக இருக்கும். ஆயிலில் நுரை தெரிந்தால் பம்ப் ஆயிலை உறிஞ்சும் சக்‌ஷன் பக்கம் காற்று இழுக்கிறது. அங்கே ஆயில் வெளியே சொட்டாது, அதனால் குழாய் இணைப்பை இறுக்கும் கிளாம்ப்பைத் தனியாகத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் மூடி தளர்ந்த கணமே கொதித்துப் பீறிடும். டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடியிலுள்ள வால்வைத் திறந்து, நீர் நின்று சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். எவ்வளவு நீர் வந்தது என்று எழுதுங்கள். திடீரென்று அதிகமானால் பெரும்பாலும் கோளாறு வண்டியில் இருக்காது, டீசல் பீப்பாயில் இருக்கும்.

இனி ஹோஸ்கள், அதாவது ஹைட்ராலிக் ஆயிலைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய்கள். இதில் அவசரம் கூடாது. பெரிய எக்ஸ்கவேட்டரில் ஹைட்ராலிக் அழுத்தம் சுமார் 350 பார் வரை போகும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் வரும் ஆயில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையால் தடவிக் கசிவைத் தேடுவது உயிரோடு விளையாடுவது. கையுறை போட்டாலும் அதே கதைதான். நீளமான அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், ஈரம் அதில் விழும். ஒருவேளை தோலில் பாய்ந்துவிட்டால், ஒரு சின்னப் புள்ளிதானே, வலியும் பெரிதாக இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். நேராக மருத்துவமனைக்குப் போய், 'ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே பாய்ந்திருக்கிறது' என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்ல வேண்டும்.

ஹோஸின் மேல்ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் கம்பி வலை தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். ஃபிட்டிங் அருகே உப்பல் இருந்தாலும் அப்படியே. பூம் மடங்கும் இடத்தில் இரண்டு ஹோஸ்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்று பாருங்கள். கிளாம்ப் ஒன்று கழன்றதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு போல்ட்டோடு முடிகிற வேலை, விட்டால் ஹோஸ் வெடித்து அரை நாள் போகும்.

பூம், ஆர்ம் வெல்டிங் விரிசலைத் தேடும்போது துணி கையில் இருக்கட்டும். மண் அப்பிய இடத்தில் விரிசல் தெரியாது. துடைப்பதே பாதிச் சோதனை. பெயின்டில் மயிரிழை போல் ஒரு கோடு, அதிலிருந்து துருநீர் வழிந்த தடம் - இரண்டும் சேர்ந்திருந்தால் விரிசல் என்றே வைத்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தளர்ந்த போல்ட்டும் இப்படித்தான் தன்னைக் காட்டும்: தலையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம், அல்லது செம்பழுப்புத் தூள். லோடர் வீல் நட்டுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். நட்டின் மேல் பெயின்டால் கோடு போட்டு வைத்தால் எட்ட நின்றே திரும்பியது தெரியும்.

பக்கெட் பின்களில் லாக் போல்ட் இருக்கிறதா, பற்களைப் பிடிக்கும் பின் கழன்று விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆர்ம் முனையில் பக்கெட்டைக் கவ்விப் பூட்டும் குயிக் கப்ளருக்கு வாருங்கள். மற்ற எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது. லாக் சரியாக விழாத பக்கெட், உள்ளே மடங்கியிருக்கும்வரை தன் எடையிலேயே தொங்கி நிற்கும். ஆபரேட்டர் பக்கெட்டை விரித்ததும் கழன்று விழும். கப்ளர் வாயில் அடைத்த களிமண் ஒன்றே இதற்குப் போதும். பாதுகாப்பு பின் வைக்கும் வகை என்றால் பின் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு, ஆள் யாரும் அருகில் இல்லாதபோது, பக்கெட்டைத் தரைக்குச் சற்று மேலே வைத்து மடக்கி விரித்து, தரையில் அழுத்திப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். பக்கெட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதே சோதனை.

வண்டி நகரும் இரும்புச் சங்கிலிப் பட்டையான ட்ராக்கில் ஒரு பக்கத்தை பூமால் தூக்கி, சுழற்றி மண்ணை உதிர்த்த பிறகு தொய்வை அளக்க வேண்டும். அளவு மேனுவலில் இருக்கும். சேற்றில் வேலை என்றால் கொஞ்சம் தளர்வாகவே விடுவார்கள், அதைச் சுழற்றும் ஸ்ப்ராக்கெட் பல்சக்கரத்தில் சேறு அடைத்ததும் செயின் தானே இறுகிவிடும். ட்ராக்கை இறுக்கி வைப்பது கிரீஸ் அழுத்தம்தான். தளர்த்தும்போது கிரீஸ் வால்வுக்கு நேரே முகத்தையோ கையையோ வைக்காதீர்கள், வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பவும் கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தில் வால்வு தோட்டா போலப் பறந்து வரும்.

கேபினுக்கு ஏறும்போது இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும். படியிலுள்ள சேற்றைச் சுரண்டுங்கள். பெடலுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருண்டு கிடக்கக் கூடாது. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து நூல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள், லேபிளில் தேதி முடிந்திருந்தால் பெல்ட்டை மாற்றுங்கள். கண்ணாடி, கேமரா, ஹாரன், தீயணைப்பான் முள் பச்சையில் இருப்பது - இதெல்லாம் ஒரு நிமிட வேலை.

ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். பிறகு ஜாய்ஸ்டிக்கை முடக்கும் லாக் லீவரைப் போட்டுவிட்டு ஜாய்ஸ்டிக்கை மெல்ல அசைத்துப் பாருங்கள், எதுவும் நகரக் கூடாது. நகர்ந்தால், ஆபரேட்டர் இறங்கும்போது சட்டை லீவரில் மாட்டினாலே பூம் ஆளின் மேல் திரும்பும். இந்தக் கோளாறோடு வண்டியை விடுவதற்கு எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதல்ல.

கிரேனுக்கு இவற்றோடு கம்பிக்கயிறும் கொக்கியும் சேரும். கயிற்றின் ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி கயிற்றை ஒரு முழுச் சுற்று சுற்றிவரும் தூரம்) எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். நசுங்கல், கூண்டு போல் விரிதல், நெளிவு எது இருந்தாலும் கயிறு ஓரங்கட்டப்பட வேண்டியது. கொக்கி உச்சியில் முட்டும் முன் தானே நிறுத்தும் லிமிட் சுவிட்சை, கொக்கியை மேலே இழுத்துச் சோதிக்கும்போது மிக மெதுவாக இழுங்கள். சுவிட்ச் வேலை செய்யாமலும் இருக்கலாம் என்பதால்தானே சோதிக்கிறோம். டிப்பரில் பிரேக்குக்கான ஏர் டேங்கில் தேங்கிய நீரை வடித்துவிட்டு, பிரஷர் ஏறிய பிறகு எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி முள் இறங்குகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

கோளாறு கிடைத்தால் என்ன செய்வது என்பதில்தான் பல இடங்களில் இந்த ஏற்பாடே உடைந்துபோகிறது. ஆபரேட்டர் எழுதிய கோளாறு மூன்று நாள் அப்படியே கிடந்தால் நான்காம் நாள் அவர் எழுத மாட்டார், டிக் போடுவார். வண்டியை நிறுத்தும் அதிகாரம் சோதிக்கிறவர் கையில் இருக்க வேண்டும். நிறுத்திய வண்டியில் சிவப்பு அட்டை மாட்டி, சாவியை எடுத்து சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட வேண்டும். அட்டை மட்டும் போதாது. அட்டையைப் பார்க்காமல் ஏறி ஓட்ட யாராவது ஒருவர் வருவார்.

மாலையில் வண்டியைச் சமதரையில், பக்கெட்டைத் தரையில் ஊன்றி, ட்ராக்கில் சேற்றைத் தட்டிவிட்டு நிறுத்துங்கள். டீசல் டேங்கை அப்போதே நிரப்பிவிட்டால் இரவுக் குளிரில் உள்ளே நீர் கோப்பது குறையும். மறுநாள் காலை செபரேட்டரில் வடியும் நீரின் அளவில் அது தெரியும்.