எந்தக் கம்பெனி ஆசாரியாரே?

பேட்டையில் எங்கள் பட்டறைக்குள் ஆனிக் காற்று நுழைந்துவிட்டால் மரத்தூள் கண்ணைத் திறக்க விடாது. அன்றைக்குக் கரண்டும் இல்லை. வாசல் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற சின்ன மகள் போனை நீட்டினாள்.

“எப்பா, இந்த ஆளைப் பாருங்க. உங்களை மாதிரி மரக்கடைக்குள்ள வச்சே விமானம் செஞ்சிருக்காரு.”

துருக்கிக்காரர். பெயர் வெஜிஹி ஹூர்குஷ். ‘ஹூர்’ என்றால் சுதந்திரமான, ‘குஷ்’ என்றால் பறவை என்றாள். 1896-இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். முதல் உலகப் போரில் விமானி. 1917-இல் ரஷ்யர்களிடம் மாட்டி, பாக்கூ நகரத்துக்கு எதிரே காஸ்பியன் கடலில் உள்ள நார்கின் தீவில் அடைபட்டார். அங்கிருந்து நீந்தித் தப்பி, ஈரான் வழியாக ஊர் வந்து சேர்ந்தார். அப்புறம் துருக்கியின் சுதந்திரப் போரிலும் பறந்து பதக்கம் வாங்கினார். இதை வைத்து ஒரு சினிமாவே எடுக்கலாம். எனக்கு ஒட்டிக்கொண்டது போர்க்கதை இல்லை, அதற்குப் பின்னால் வருகிற காகிதக் கதை.

போர் முடிந்ததும் கிரேக்கப் படையிடமிருந்து கைப்பற்றிய எஞ்சின் ஒன்றை வைத்துத் தானே ஒரு விமானம் கட்டினார். கே-6 என்று பெயர். அந்தக் காலத்து இறக்கை கிட்டத்தட்ட நம்ம வேலைதான். நீளவாக்கில் சட்டம், குறுக்கே மீன்முள் மாதிரி வரிசையாக வளைந்த விலாக்கள், மேலே இழுத்துப் போர்த்திய துணி. துணிமேல் வார்னிஷ் போல ஒன்றைப் பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி, தவில் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். சட்டத்தில் ஒரு கணு கண்ணில் படாமல் போய்விட்டால் கட்டிலாக இருந்தால் கிரீச்சிடும், இறக்கையாக இருந்தால் ஆளே போய்விடுவான். போட்டோவைப் பெரிசாக்கி இணைப்புகளைத் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. இணைப்பில் நகத்தை வைத்துப் பார்க்காமல் எங்கள் அப்பா எதையும் நம்ப மாட்டார். நகம் நுழைந்தால் பிரித்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வார்.

விமானம் தயார். பறக்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே! அதற்கு ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவில் விமானத்தைச் சோதித்துச் சொல்லும் அளவுக்கு விஷயம் தெரிந்தவர் யாரும் இல்லை. மனுஷன் காத்துக் காத்துப் பார்த்தார். 1925 ஜனவரி 28 அன்று இஸ்மிரில் தானே ஏறி ஓட்டி, பத்திரமாக இறக்கினார். கிடைத்தது பாராட்டு இல்லை, தண்டனை. அனுமதி இல்லாமல் பறந்தாராம். விமானப்படையே வேண்டாம் என்று விலகிவிட்டார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் சிரித்துவிட்டேன். சின்னவளுக்குக் கோபம். அவள் தாத்தா கதை அவளுக்குத் தெரியாது.

எங்கள் அப்பா மாட்டுவண்டி செய்கிறவர். கருவேல மரத்தில் சக்கரம் கட்டினால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று பெயர் வாங்கியவர். மாடு குறைந்து டிராக்டர் வந்தபோது, 1988-இல் முக்கூடல் பக்கத்து விவசாயி ஒருவருக்காக டிரெய்லர் செய்தார். பழைய லாரி அச்சு, கொல்லர் அடித்துக் கொடுத்த சட்டகம், வேங்கைப் பலகை. அதைப் பதிவு செய்ய ஓர் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“எந்தக் கம்பெனி ஆசாரியாரே?”

“கம்பெனி இல்லீங்க. நான்தான் செஞ்சேன்.”

“நீரு செஞ்சீரு, சரி. இத டெஸ்ட் பண்ணி எழுதிக்கொடுக்க இங்க ஆளு இல்லையே.”

மூன்று தடவை பஸ் ஏறியும் அதே பதில். கடைசியில் வெளியூர்க் கம்பெனிக்காரர் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு தன் பெயர்த் தகட்டை அதில் அடித்துக் கொடுத்தார். நம்பர் கிடைத்துவிட்டது. “சவத்தைத் தள்ளு, வண்டி ஓடுதுல்லா” என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் டிரெய்லர் செய்யவில்லை.

வெஜிஹி அப்படி விடவில்லை. 1930-இல் இஸ்தான்புல்லின் காதிக்கோய் பகுதியில் ஒரு மரக்கடையை வாடகைக்குப் பிடித்து, இருவர் உட்காரும் வெஜிஹி-14 விமானத்தைச் செய்தார். செப்டம்பர் மாதம் ஊரே கூடி நிற்க அது பறந்தது. அப்புறம் சான்றிதழுக்கு மனுப் போட்டார். பொருளாதார அமைச்சகத்திடமிருந்து பதில் வந்தது: இதன் தொழில்நுட்பத் தகுதியைக் கணிக்க ஆள் இல்லை, ஆகவே சான்றிதழ் தர இயலாது. விமானத்தைப் பிரித்து, ரயிலில் ஏற்றி, செக்கோஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டுபோனார். அங்கே மறுபடி பூட்டிச் சோதித்து 1931 ஏப்ரல் 23 அன்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதே விமானத்தில் பறந்து ஊர் திரும்பினார்.

1925-இல் எழுதிக் கொடுக்காத அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாத பொருளுக்குக் கையெழுத்துப் போட்டு, அது நாளைக்கு விழுந்தால் கேள்வி அவனிடம்தான் வரும். தெரியாது என்று ஒப்புக்கொள்வதும் ஒரு யோக்கியம்தான். ஆனால் ஐந்து வருஷம் கழித்தும் அதே பதில் என்றால்? நடுவில் நாலு பேரை எங்காவது அனுப்பிப் படிக்க வைத்திருக்கலாமே. இங்கே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்ப்பதற்கென்றே மலையடிவாரத்தில் இடம் ஒதுக்கி, ஆட்களைப் போட்டிருக்கிறார்கள். பணகுடியில் இருக்கிற என் மச்சினன் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு கல்யாண வீடு விடாமல் பேசுவான்.

காகிதம் அவரை அத்தோடு விடவில்லை. 1932-இல் துருக்கியின் முதல் தனியார் விமானப் பள்ளியைத் தொடங்கினார். முதல் துருக்கிப் பெண் விமானி பெத்ரியே கோக்மென் அங்கே பயின்றவர்தான். பள்ளி அதிக காலம் நிலைக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஜெர்மனியில் வைமார் நகரத்துக்குப் போய்ப் பொறியியல் படித்து, 1939-இல் பட்டத்தோடு வந்தார். இரண்டு வருஷத்தில் யாரும் எஞ்சினியர் ஆக முடியாது என்று அதையும் ஏற்க மறுத்தார்கள். நாலு வருஷ ஃபீஸ் கட்டுகிற எனக்கு இந்த இரண்டு வருஷக் கணக்கு கேட்கவே ஆசையாக இருந்தது. 1954-இல் தொடங்கிய விமான நிறுவனமும் நொடித்துப் போனது. 1969 ஜூலை 16-இல் அங்காராவில் இறந்தார். நிலாவுக்கு அப்போலோ 11 கிளம்பியதும் அதே நாளில்தான் என்று சின்னவள் சொன்னாள். துருக்கியில் இப்போது செய்கிற ஒரு பயிற்சி விமானத்துக்கு ஹூர்குஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்.

மறு ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு முக்கூடல் போனேன். விவசாயி காலமாகிவிட்டார், மகன் இருக்கிறார். டிரெய்லர் களத்து ஓரத்தில் டயர் இல்லாமல் கல்லின்மேல் நிற்கிறது, உள்ளே கோழி அடைகிறது. பின்பக்கத் தகட்டைச் சின்னவள் சாவியால் சுரண்டினாள். வெளியூர்க் கம்பெனியின் பெயர் பாதி தெரிந்தது. நான் பக்கப் பலகையின் மூலை இணைப்பில் நகத்தை வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.

“வேணும்னா எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்றார் மகன். “இரும்புக்கு மட்டும் வெலை போட்டாப் போதும். மரத்துக்கு என்ன இருக்கு.”