கரி போடும் வேலை

எங்கள் பக்கத்தில் கரி என்றால் சீமைக்கருவேலங்கரிதான். சாயல்குடி, கடலாடி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்து மிளகாயும் கைவிட்ட வருடங்களில் அடுப்பெரிய வைத்தது அதுவே. அந்த மரத்தை ஒழிக்கச் சொல்பவர்களின் நியாயம் எனக்குத் தெரியும். அதை வெட்டிப் பிழைத்த வீடுகளையும் தெரியும். அப்பா மூட்டம் போடுபவர். விறகை அடுக்கித் தழை போர்த்தி, ஈரமண் பூசித் தீ வைப்பார். புகை வெள்ளையாக வந்துகொண்டிருந்தால் விறகின் ஈரம் போகிறது என்று பொருள். அது மெலிந்து நீலம் தட்டியதும் காற்றுத் துளைகளை அடைப்பார். ஒரு விரிசல் கண்ணில் படாமல் போனாலும் உள்ளே இருப்பது சாம்பலாகிவிடும்.

நெருப்புக்கு எவ்வளவு காற்று விடலாம் என்ற அந்தக் கணக்கை வைத்துத்தான் துபாயில் ஒரு ஷீஷா கடையில் பிழைத்தேன். மேசைகளுக்கு நடுவே கரிக்கூடையும் இடுக்கியுமாகச் சுற்றும் வேலை. நம் ஊரில் ஹூக்கா என்பதைத்தான் அங்கே ஷீஷா என்கிறார்கள். மேலே கிண்ணத்தில் புகையிலை, அதை மூடிய அலுமினியத் தாளின்மேல் கரி, கீழே தண்ணீர்க் குடுவை, புகையை இழுக்க ஒரு குழாய்.

புகை தொண்டையில் கரகரத்தால் வாடிக்கையாளர் புகையிலையைத் திட்டுவார். பெரும்பாலும் குற்றம் கரியுடையது. கிண்ணத்தில் இருப்பது வெல்லப்பாகும் கிளிசரினும் ஊறிய புகையிலை. அது வேகவேண்டும், கருகக்கூடாது. பிரியாணிச் சட்டியின் மூடிமேல் தணல் போட்டுத் தம் வைக்கிற சூடு போதும். பாகு தீய்ந்துவிட்டால் அந்தக் கிண்ணத்தைக் கொட்டிவிட்டு வேறு கட்டுவதே மேல்.

தீக்குச்சி காட்டியதும் பொரிந்து பற்றும் வட்டக்கரி எனக்குப் பிடிக்காது. பற்றவைக்கச் சேர்த்த மருந்தின் வாடை முதல் இழுப்புகளில் வந்துவிடும். சிரட்டைக்கரிக் கட்டி சோம்பேறி. மின்னடுப்பில் பத்து நிமிடமாவது திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். ஒரு மூலை கறுப்பாக இருந்தாலும் நான் எடுக்கமாட்டேன், மேலாளர் எத்தனை முறை கூப்பிட்டாலும் சரி. அலுமினியத் தாளின் விளிம்பை ஒட்டி மூன்று கட்டி. நடுவில் வைத்தால் அடியில் இருப்பது முதலில் கருகும். சில நிமிடம் சூடேற விட்டுத்தான் குழாயைக் கையில் தரவேண்டும். புகை அடர்ந்ததும் ஒன்றை எடுத்துவிடலாம். மேலே படியும் சாம்பல் சூட்டை மறைக்கும், ஆகையால் அவ்வப்போது தட்டவேண்டும், கிண்ணத்துக்கு மேலே அல்ல, கூடைக்குள். சூடு மிஞ்சினால் கரியை இறக்கிவிட்டுக் குழாயில் ஒரு முறை ஊதச் சொல்வேன். குடுவையில் தேங்கிய பழைய புகை பக்கத்துத் துவாரம் வழியே வெளியேறும்.

மொட்டைமாடி மேசைகள்தான் சோதனை. கடல்காற்று பட்டால் கட்டி சீறிச் சிவக்கும், சீக்கிரம் கரைந்தும் போகும். துளையிட்ட தகர மூடியைக் கவிழ்த்து, காற்று வரும் பக்கத்துக் கட்டியை மறுபக்கம் நகர்த்துவேன். ஊரில் கச்சான் காற்று அடிக்கும்போது அப்பா மேற்குத் துளைகளைத்தான் முதலில் அடைப்பார். அவர் சொல்லிக்கொடுத்ததில்லை, பார்த்ததுதான்.

கரி சுடும் அறையில் நின்றவர்களுக்குத் தலைவலி தீராது. கீழக்கரை அண்ணன் ஒருவர் தைலம் தேய்த்துக்கொண்டே வேலை பார்ப்பார். கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடுவைத் தண்ணீர் அதைத் தடுப்பதும் இல்லை. நான் சூட்டைப் பக்குவமாக வைத்தால் வாடிக்கையாளருக்கு இருமல் வராது. இருமல் வராததால் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவார், இன்னொரு கரியும் கேட்பார். புகை இதமாக இருந்ததற்காக என் கையில் பணம் வைத்தவர்கள்தான் அந்த வாயுவை அதிக நேரம் இழுத்தவர்கள்.

தமிழ்நாட்டில் ஹூக்கா கூடங்களைத் தடைசெய்யும் சட்டத்திருத்தம் 2022-இல் சட்டசபையில் நிறைவேறியது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வந்த குடுவை பல வீடுகளில் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைக்கிற பையன்கள் புகை ஏன் கரகரக்கிறது என்று என்னிடம் கேட்கிறார்கள். கரகரப்பது நல்லதுதான், சீக்கிரம் எழுந்து வெளியே போவீர்கள் என்கிறேன். வித்தையை ஒளிக்கிறேன் என்று அவர்களுக்குக் கோபம்.