மான் தலைப் பாடம்: ஃபார்ம் தேர்வும் சுவரில் மாட்டும் கொக்கியும்

எடுத்திருப்பது வெள்ளைவால் மான், விஸ்கான்சின் மாநிலம், நவம்பர் மாத ஆண் மான். இறந்த விலங்கின் தோலை உயிருள்ளதுபோல் நிறுத்தி வைப்பதுதான் பாடம்; இது தோள் வரையிலானது. தோல் பதனிட்டு வந்தாயிற்று. ஃபார்ம் (தோலைப் போர்த்துவதற்கான, மானின் உருவில் வார்த்த நுரை உடல்) வாங்குவதிலிருந்து சுவரில் ஏற்றுவது வரைதான் இந்தக் குறிப்பு. கண், காது, உதடு வேலைகள் இதில் இல்லை. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம், உரிய சான்று இல்லாமல் மான் தலையை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். உரிமத்தோடு வேட்டைக்கு அனுமதி உள்ள ஊரில் செய்த வேலை இது.

சுவரை அளந்த பிறகே ஃபார்ம்

பலரும் ஃபார்மை வாங்கி, தோலை ஏற்றி, காயவைத்து, கடைசியில்தான் சுவரைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியதே சுவர். தலை நிமிர்ந்த ஃபார்முக்கு உயரம் அதிகம் வேண்டும், சுவரிலிருந்து முன்னே நீட்டுவது குறைவு. கழுத்தைத் தாழ்த்திப் பதுங்கும் ஃபார்ம் உயரத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் அறைக்குள் வெகுவாக நீட்டும். நடைபாதையில் மாட்டினால் தோளில் இடிக்கும். இங்கே கூரை 8 அடி. இரண்டுக்கும் நடுவில் உள்ள அரைத்தாழ்வு நிலை சரியாக வந்தது.

அடுத்தது திருப்பம். மாட்டும் இடத்துக்கு இடப்புறம் பக்கச் சுவர் இருக்கிறது. மான் அதைப் பார்த்தபடி இருந்தால் அறைக்கு முதுகு காட்டியது போலாகிவிடும். ஆகவே எதிரே நிற்பவரின் வலப்பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். ஃபார்ம் விற்பவர்களின் அட்டவணையில் இதற்குப் பெயர் ‘லெஃப்ட் டர்ன்’ (இடத் திருப்பம்). இடம், வலம் எல்லாம் மானின் இடமும் வலமும்தான், பார்ப்பவருடையது அல்ல. தவறான ஃபார்ம் வந்து சேர்வதற்கு இந்த ஒரு குழப்பமே பெரும்பாலும் காரணம்.

அளவு

தோலுரித்த உடலில் எடுத்த அளவுகள்: கண்ணின் முன் மூலையிலிருந்து மூக்கு நுனி வரை 7¼ அங்குலம், காதுக்குப் பின்னால், மண்டையை ஒட்டிய கழுத்துச் சுற்றளவு 19 அங்குலம். பதனிட்ட தோலில் அளந்தால் ஏமாந்துபோவோம். ஈரத்தோல் இழுத்த இழுப்புக்கு வரும், கழுத்தில் ஒன்றிரண்டு அங்குலம் கூடுதலாகக் காட்டும். நவம்பர் இணைசேரும் காலம் என்பதால் ஆண் மானின் கழுத்து வீங்கியிருக்கும். செப்டம்பர் மானின் அளவை வைத்துக் குத்துமதிப்பாக வாங்கக் கூடாது.

இரண்டு அளவும் ஒரே ஃபார்மில் கச்சிதமாக அமையாவிட்டால் கண்–மூக்கு அளவைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கழுத்தை அரத்தால் இழைத்துக் குறைக்கலாம், அறுத்து நடுவில் நுரை ஊற்றிப் பெருக்கலாம். முகத்தில் கை வைத்தால் எலும்பின் வடிவமே கெட்டுவிடும். கையிருப்பில் கிடைத்தது 7¼க்கு 19½. அதையே வாங்கினோம்.

பசை தொடாமல், தோலை வெறுமனே மாட்டிக் குண்டூசி குத்திப் பார்த்ததில், பின்கழுத்துத் தையல் அரை அங்குலம் சேரவில்லை. இழுத்துத் தைத்தால் அப்போதைக்குச் சேரும். காயும்போது தோல் சுருங்கி நூல் அறுக்கும், இல்லையென்றால் கண்ணோரத் தோலைப் பின்னுக்கு இழுக்கும். சுற்றளவில் அரை அங்குலம் குறைய, சுற்றிலும் 2 மில்லிமீட்டர் இழைத்தாலே போதும். ஆரத்தில் குறைவது சுற்றளவில் ஆறு மடங்குக்கு மேல் தெரியும் என்பதால் இழைக்கும்போது கை அடக்கமாக இருக்க வேண்டும். மறுபக்கம், ஃபார்ம் சிறியதாக இருந்தால் மிஞ்சும் தோல் மார்பில் மடிப்பாக நிற்கும்.

இழைக்காத இடங்களையும் முரட்டு உப்புத்தாளால் தேய்த்தாக வேண்டும். அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய வழுவழுப்பு மேலே படிந்திருக்கும்; அதன் மேல் பசை பிடிக்காது. பிடிக்காத இடத்தில் தோல் காய்ந்ததும் மத்தளத் தோல்போல எழும்பி நிற்கும். முன்னங்கால் இடுக்கு ஃபார்மின் இடுக்கில் உட்கார்ந்ததா, மார்பின் மயிர்ச்சுழி நடுவில் வந்ததா என்பதையும் இந்த வெள்ளோட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

கொம்புக்கு ஒன்று மட்டும். மண்டை ஓட்டை அறுக்கும் முன்பே, கொம்பு நுனிகளிலிருந்து மூக்கு நுனி வரை உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்து எழுதி வைக்க வேண்டும். 3 அங்குலத் திருகாணிகளால் பொருத்தும்போது அந்தத் தூரம் வரும்வரை அடியில் மர ஆப்பு வைத்துச் சாய்வைச் சரிசெய்து, இடைவெளியைக் கார் பாடிக்குப் பூசும் பட்டியால் அடைத்தோம். இந்த அளவு இல்லாவிட்டால் சாய்வு வெறும் ஊகம்தான்.

கொக்கி: தோல் ஏற்றும் முன்பே

வேலை முடிந்த தலையைக் கவிழ்த்து வைக்க முடியாது. ஆகவே ஃபார்மின் முதுகில் உள்ள மரப் பின்பலகையில் செய்ய வேண்டியதையெல்லாம் ஃபார்ம் வெறுமையாக இருக்கும்போதே முடிக்க வேண்டும். படச்சட்டத்துக்குப் போடும் மெல்லிய ரம்பப்பல் தகடு இதற்கு உதவாது. இரண்டு சிறு ஆணியை நம்பி அவ்வளவு எடையைத் தொங்கவிடக் கூடாது. தடித்த எஃகுத் தகட்டில் பல் வெட்டிய, நான்கு திருகாணி ஏறும் கொக்கியைப் போட்டோம். திருகாணி மரத்திலேயே முடிய வேண்டும். பலகையைத் தாண்டி நுரைக்குள் போகும் நீளத்தால் பயனில்லை. தகட்டுக்குப் பின்னால் சுவர்த் திருகாணியின் தலை உட்கார அரை அங்குலம் உளியால் குடைந்தோம். குடையாவிட்டால் பாடம் சுவரோடு ஒட்டாமல் மேலே இடைவெளி தெரியும்.

கொக்கி எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 20 பவுண்டு எடை, அதன் மையம் சுவரிலிருந்து 8 அங்குலம் முன்னே, கொக்கியிலிருந்து பலகையின் அடிவிளிம்பு வரை 12 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், கொக்கியைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் விசை சுமார் 13 பவுண்டு. அதே கொக்கியை 6 அங்குல உயரத்துக்கு இறக்கினால் விசை இரட்டிப்பாகிவிடும். பலகையின் நடுவில் கொக்கி போட்டவர்களின் சுவரில் துளை தளர்வது இதனால்தான்.

தலை ஒருபக்கம் திரும்பியிருப்பதால் எடையும் அந்தப் பக்கமே விழும். நடுக்கோட்டில் மாட்டினால் பாடம் சுழன்று சாயும். கொம்பைப் பொருத்திய பிறகு ஒற்றைத் திருகாணியில் தொங்கவிட்டு, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, மூக்கு திரும்பிய பக்கமாக முக்கால் அங்குலம் தள்ளிக் கொக்கியை இறுக்கினோம். தகட்டில் பல் இருப்பது மிச்சமுள்ள சிறு சாய்வைச் சரிசெய்யத்தான்.

சுவரில்

அமெரிக்க வீட்டுச் சுவர் அரை அங்குல ஜிப்சம் பலகை. அதற்குள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டம். 3 அங்குலத் திருகாணி, தலை சற்று மேல்நோக்கிய சாய்வில், கால் அங்குலம் வெளியே. சட்டத்துக்குள் இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். ஜிப்சம் பலகையை மட்டும் நம்பும் பிளாஸ்டிக் முளை வேண்டவே வேண்டாம். கணப்படுப்புக்கு மேலே மாட்டுவதும் கூடாது. அந்த வறண்ட சூட்டில் காது விளிம்பும் கண்மூலையும் வெடிக்கும்.

முழுதாகக் காய்ந்தபின் எடை 18 பவுண்டு. ஈரம் போனதில் சமநிலை கொஞ்சம் மாறியிருந்தது. கொக்கியை ஒரு பல் நகர்த்தினோம், நேராக நின்றது.